கதியால்

வேலணையிலிருந்து மின்னஞ்சலில் வந்தது
தண்ணிப் பவுசர் பட்டியல்.
அறுநூற்றுப் பன்னிரண்டு வரி.
தட்டச்சு செய்தவர் சபையில் வேலை பார்க்கும் றெஜினோல்ட்.
கொக்குவிலில், மேல்மாடியில், மின்விசிறிக்கு நேர் கீழே இருந்து
அதைத் திறந்தேன்.

இலக்கம், நெட்டுக்கோடு, பெயர்,
நெட்டுக்கோடு, லீற்றர்.
நூல் பிடித்துக் கதியால் நட்டதுபோல
முதல் ஐம்பது வரிக்கு எல்லாம் நேர்.
பிறகு சரிவு.
ஒரு பெயருக்குள்ளேயே ஒரு கோடு.
ஓரிடத்தில் கோட்டுக்குப் பதில் காற்புள்ளி,
மத்தியானச் சோற்றுக்குப் பிறகு தட்டியதாக இருக்கும்.
எண்பத்தேழாம் வரியில் லீற்றரே இல்லை.
சுழியமா, தெரியாதா? இரண்டும் ஒன்றல்ல.
தொலைபேசியில் கேட்டேன்.
"ஆள் கனடா" என்றார் றெஜினோல்ட்.

நான் எழுதியது இவ்வளவுதான்:
வரியை வாசி.
கோட்டில் பிள.
இரு கரையிலும் ஒட்டிய வெற்றிடத்தைச் சீவு.
மூன்று துண்டு வராவிட்டால் ஒதுக்கு, கையால் பார்க்கலாம்.
வந்தால், இலக்கம் திறப்பு.
திறப்பின் கீழ் பெயரையும் லீற்றரையும் வை.

முதலாவது திறப்பே திறக்கவில்லை.
திரையில் 1/1 என்று இருக்கிறது.
1/1 என்று கேட்கிறேன்.
அப்படி ஒன்றுமில்லை என்கிறது.
பின்னேரம் வரை மல்லுக்கட்டிய பிறகு கண்டேன்:
கோப்பின் தலைமாட்டில், கண்ணுக்குத் தெரியாமல்,
ஓர் எழுத்து நின்றது.
சவரியம்மா வீட்டு வாசலை மறித்துக்கொண்டு
அதுபாட்டுக்கு.
அதை அகற்றினேன். சவரியம்மா வந்தார்.
அந்தச் சந்தோசத்தில்
உள்ளே போனது அறுநூற்றுப் பன்னிரண்டு,
வெளியே எத்தனை என்று
எண்ணாமல் வீட்டுக்குப் போனேன்.

மூன்றாம் கிழமை ஓர் அழைப்பு.
"நீங்களோ அந்தக் கொம்பியூட்டர் பிள்ளை?
பதினொண்டின் கீழ் முப்பத்தெட்டு, சௌந்தரநாயகி.
எனக்குத் தண்ணி வருது, அதில ஒரு குறையுமில்லை.
பக்கத்து வளவுக்கு வரேல்லை.
வேலிக்கு அங்கால வாளிச் சத்தம் கேட்டு
மூண்டு கிழமை.
அவ வாய் திறந்து கேக்க மாட்டா.
நான் கேட்டனெண்டும் சொல்லிப்போடாதேங்கோ."

கோப்பைத் திறந்தேன்.
நானூற்றுப் பதினேழாம் வரி: 11/38, திலகநாயகி, ஐந்நூறு.
நானூற்றுப் பதினெட்டாம் வரி: 11/38, சௌந்தரநாயகி, ஐந்நூறு.
தகப்பனின் ஒரே வளவு.
உறுதியில் இரண்டாகப் பிரிந்தது,
நடுவே வேலி விழுந்தது,
பேச்சும் நின்றது.
சபை இலக்கம் மட்டும்
பிரியாமல் கிடந்திருக்கிறது.

ஒரு திறப்புக்கு ஒரு பெறுமதி என்று எழுதியவள் நான்.
மூத்தவவை வைத்த இடத்திலேயே
இளையவவை வைத்திருக்கிறது நிரல்.
பிழை என்று சிவப்பாக ஒன்றும் வரவில்லை.
எச்சரிக்கை இல்லை.
முன்னம் இருந்தவ இல்லை, அவ்வளவுதான்.
தங்கச்சி சொல்லித்தான் தனக்கு நிறுத்திப்போட்டினம் என்று
அவ நினைத்திருப்பாவோ,
மூன்று கிழமையும்?

திருத்தம் இரண்டு வரி.
திறப்பின் கீழ் ஓர் ஆளை அல்ல,
ஒரு நிரையை வை. வருகிறவரைப் பின்னால் சேர்.
ஓட்டினேன். இந்த முறை எண்ணினேன்.
அறுநூற்றுப் பன்னிரண்டு.
11/38 என்று கேட்டேன்.
இரண்டு பேரும் ஒரே அடைப்புக்குள் வந்தார்கள்,
நடுவில் ஒரு காற்புள்ளி.
வேலிக்கு அது காணாது.

வெள்ளிக்கிழமை பவுசர் சாரதி எடுத்தார்.
பின்னால் என்ஜின் இரைச்சல், காற்று.
"தங்கச்சி, ஒரு இலக்கத்துக்கு ரெண்டு படலை கிடக்கு.
எதுக்கை முதல் விடுறது?"
"கோப்பில முன்னுக்கு இருந்தவவிட்ட" எண்டன்.
"ஆர் கேட்டதெண்டு சொல்ல?"
"ஒருத்தரும் கேக்கேல்லை அண்ணை.
பிழை என்ர."